31 சதுர அடிக் குளியலறை: கோலமாவில் போட்ட பிளான்

மேடவாக்கம் பக்கம் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டில் அம்மாவின் அறையோடு சேர்ந்த குளியலறை, பில்டர் கொடுத்த வரைபடத்தில் நாலரை அடிக்கு ஏழரை அடி. போன தை மாதம் போய்ப் பார்த்தபோது சுவர் எழும்பியிருந்தது, பூச்சு ஆகவில்லை. தரை ஒரு அடி பள்ளமாக, வெறும் கான்கிரீட்டாகக் கிடந்தது. "பிளம்பிங் ஆரம்பிக்க இன்னும் மூணு வாரம் இருக்கு மேடம். ஏதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம்னா உடைக்கத்தான் வேணும்" என்றார் சைட் இன்ஜினியர்.

மாற்ற வேண்டியிருந்தது. அம்மாவுக்கு 71 வயது. வலது முழங்கால் முழுதாக மடங்காது. இரவில் இரண்டு முறையாவது எழுந்து பாத்ரூம் போவார். ஷவரில் நிற்பது பிடிக்காது. வாளியில் வெந்நீர் விளாவி, ஸ்டூலில் உட்கார்ந்து மக்கால் ஊற்றிக்கொண்டால்தான் அவருக்குக் குளித்த மாதிரி. பில்டரின் வரைபடத்தில் இந்த மனுஷி இல்லை. கிழக்கே கதவு, நுழைந்ததும் வாஷ்பேசின், நடுவில் ஷவர், கடைசியில் மேற்குச் சுவரில் வெண்டிலேட்டருக்குக் கீழே வெஸ்டர்ன் கோப்பை. கோப்பைக்குப் பின்னாலேயே டக்ட், அதாவது எல்லா மாடிக் குழாய்களும் இறங்கும் வெளிச்சந்து, இருப்பதால் குழாய் நேராக வெளியே இறங்கிவிடும். கட்டுபவருக்கு அது சுலபம். ஆனால் குளித்த ஈரத்தைத் தாண்டாமல் யாரும் கோப்பைக்குப் போக முடியாது. நடுராத்திரியில், பாதித் தூக்கத்தில், அம்மா ஆறடி ஈரத் தரையில் நடப்பதை நினைத்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதல் வேலையாக அளவெடுத்தேன். செங்கல்லுக்குச் செங்கல் நாலரைக்கு ஏழரை சரியாகவே இருந்தது. ஆனால் நாம் புழங்கப்போவது அந்த அளவில் கிடையாது. சுவருக்கு அரை இன்ச் பூச்சு, அதன்மேல் ஒட்டுக் கலவையும் டைலும் சேர்ந்து முக்கால் இன்ச். ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் இன்ச் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டரை இன்ச் போய்விடும். மிச்சம் 51½ இன்ச் அகலம், 87½ இன்ச் நீளம். சதுர அடியில் 31 சொச்சம். மெட்ரிக்கில் 2.9 சதுர மீட்டர். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டரும் 1.2 மீட்டர் அகலமும் கேட்கிறது. அதைத் தாண்டிவிட்டோம், ஆனால் மயிரிழையில். இந்த ஒன்றேகால் இன்ச்சை மறக்காதீர்கள். பின்னால் இதுவே எங்களை ஒருமுறை பிடித்துக்கொண்டது.

தாளில் நாலைந்து விதமாக வரைந்து பார்த்தேன். எல்லாமே தாளில் அழகாகத்தான் இருந்தன. எது அம்மாவுக்கு ஒத்துவரும் என்று மட்டும் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, குடியிருக்கும் வாடகை வீட்டு மொட்டைமாடியில் கோலமாவை எடுத்துக்கொண்டு ஏறினேன். கைப்பிடிச் சுவரைக் குளியலறையின் வடக்குச் சுவராக வைத்துக்கொண்டு, 51½க்கு 87½ இன்ச்சில் கட்டம் இழுத்தேன். மூலை மட்டத்துக்கு மூன்றடி, நான்கடி, ஐந்தடிக் கணக்கு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "கோடு கோணுதுடி, மேற்கே இழு" என்று திருத்தினார். நாற்பது வருடம் வாசலில் கோலம் போட்ட கண், என் டேப்பைவிடச் சரியாக இருந்தது.

கோப்பைக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பேசினுக்கு ஒரு அட்டைப்பெட்டி, 25 லிட்டர் வாளி, அம்மா வழக்கமாக உட்காரும் ஸ்டூல். முதலில் பில்டர் போட்டபடியே அடுக்கினோம். அம்மா கதவிலிருந்து நாற்காலிக்கு நடந்தார். நடுவில் வாளியும் ஸ்டூலும். "இதைச் சுத்தி எப்படிடி போவேன்?" அதோடு அந்தப் பிளான் முடிந்தது.

பிறகு புரட்டிப் போட்டோம். கதவுப் பக்கம் ஈரமில்லாத வேலைகள், மேற்குக் கோடியில் குளியல். நுழைந்ததும் இடது கையில், தெற்குச் சுவரில் பேசின். அதற்கு 20 இன்ச். அடுத்து அதே சுவரில் கோப்பை. அதற்கு 30 இன்ச், அதாவது கோப்பையின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 15 இன்ச். இதற்குக் குறைந்தால் முழங்கை இடிக்கும். மீதி 37½ இன்ச் குளிக்க. கூட்டினால் சரியாக 87½. வடக்குச் சுவர் முழுக்கக் காலி. அதை ஒட்டித்தான் நடை. கோப்பையின் முனைக்கும் வடக்குச் சுவருக்கும் நடுவே 24½ இன்ச் கிடைத்தது. இரண்டடிக்குக் கீழே போயிருந்தால் நான் இந்தப் பிளானை விட்டிருப்பேன்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தபோது நான் யோசித்தே இராத ஒன்று நடந்தது. பக்கவாட்டில் கைப்பிடி வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பக்கவாட்டில் சுவரே இல்லையே, ஒரு பக்கம் பேசின், மறுபக்கம் குளியலிடம், என்ன செய்வது என்று கவலை வேறு. அம்மாவின் கை பக்கவாட்டுக்குப் போகவே இல்லை. முன்னால் சாய்ந்து, எதிரே இருந்த கைப்பிடிச் சுவரைப் பற்றி, உடம்பை இழுத்து எழுந்தார். மூன்று முறை எழச் சொன்னேன். மூன்று முறையும் கை ஒரே இடத்துக்கு, தரையிலிருந்து 32 இன்ச் உயரத்துக்குப் போனது. செங்கல் துண்டால் அங்கே கோடு போட்டு அளவைக் குறித்துக்கொண்டேன். நடை குறுகல் என்று நான் குறைப்பட்ட அந்த 24½ இன்ச், அவருக்குக் கைக்கெட்டும் தூரமாக இருந்தது.

அதே மாதிரி ஸ்டூலில் உட்காரவைத்துக் குழாய் உயரம் பார்த்தோம். வாளி உயரம் 15 இன்ச். அதன்மேல் மக்கும் கையும் புழங்க வேண்டும். எனவே குழாய் மூக்கு 24 இன்ச்சில். வெந்நீர், தண்ணீர் கலக்கும் கைப்பிடியை நின்று குளிப்பவர்களுக்காகப் பொதுவாக மூன்று, மூன்றரை அடியில் வைப்பார்கள். உட்கார்ந்த அம்மா தோளைத் தூக்காமல் எட்டியது 30 இன்ச். அதையே வைத்தோம். நான் கொஞ்சம் குனிந்துகொள்வேன், அவ்வளவுதான். ஸ்டூலிலிருந்து எழ, வலது கைக்கு மேற்குச் சுவரில் இன்னொரு பிடி. கழுவிக்கொள்ளும் கைக்குழாயான ஹெல்த் ஃபாசெட், உட்கார்ந்தால் வலது கைக்கு வரும்படி பேசின் பக்கம். பில்டரின் படத்தில் அது இடது பக்கம் இருந்தது. எந்தக் கையால் பிடித்து எந்தக் கையால் கழுவுகிறோம் என்று வரைந்தவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தது. இந்த அகலத்தில் யாராவது கால் இடறி விழுந்தால் நடையிலேதான் விழுவார்கள். கதவை வெளியிலிருந்து தள்ளவே முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொன்னேன். நிலை இன்னும் பொருத்தியிருக்கவில்லை, அதனால் தகராறில்லை. வெளியில் இருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். வாஸ்துப்படி கோப்பை கிழக்கு பார்க்கக் கூடாது என்று பெரியம்மா ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். புதுப் பிளானில் அது வடக்கு பார்த்து அமைந்ததில் அவருக்கும் நிம்மதி.

சுவரில் தொங்கும் கோப்பை வைத்தால் இடம் மிச்சம் என்று கடையில் வற்புறுத்தினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் சுவர் நாலரை இன்ச் செங்கல். உள்ளே மறையும் தண்ணீர்த் தொட்டிக்கு அதில் இடமில்லை. முன்னால் ஆறு இன்ச் குட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். ஆறும் கோப்பையின் 20½ இன்ச்சும் 26½. தொட்டியோடு சேர்ந்து தரையில் உட்காரும் சாதாரண ஒற்றைக் கோப்பை 27. அரை இன்ச்சுக்காகத் தொட்டியைச் சுவருக்குள் புதைத்து, நாளை வாஷர் தேய்ந்தால் ஆளைத் தேடி அலைய எனக்கு மனமில்லை. சுவரிலேயே ஆழமான இடம் உள்ளவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். கீழே கூட்டித் துடைக்க வசதி.

இன்ஜினியர் ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார். மேற்கே பீமில் மலக்குழாய்க்கு வார்ப்பின்போதே விட்ட ஓட்டை ஒன்றுதான். புதிதாக பீமைத் துளைக்கக் கூடாது. நியாயம். கோப்பை டக்டிலிருந்து நாலரை அடி தள்ளி வந்துவிட்டதால், 110 மி.மீ. குழாய் பள்ளத்துக்குள்ளேயே கிட்டத்தட்ட ஐந்தடி ஓடி அந்த ஓட்டைக்கு வர வேண்டும். நாற்பதுக்கு ஒன்று வாட்டம், அதாவது சரிவு, என்றால் ஐந்தடிக்கு ஒன்றரை இன்ச். ஒரு அடிப் பள்ளத்தில் அது தாராளமாக அடங்கும். நேர்க்கோண பெண்ட் ஒன்று போடாமல் 45 டிகிரி பெண்ட் இரண்டு போட்டோம், அடைப்பு நிற்காது. டக்டுக்குள் இறங்கும் இடத்தில் திறந்து சுத்தம் செய்யும் டோர் பெண்ட். மாற்றிய வரைபடத்தில் பில்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குக் கட்டுமானக் குறைகளைச் சரிசெய்வது அவர்கள் பொறுப்பு. "இது நீங்க மாத்தினது" என்று பின்னால் சொல்ல இடம் வைக்கக் கூடாது.

பிளம்பிங் தொடங்கி மூன்றாம் நாள் மாலை, ஆபீஸ் முடிந்து போனேன். கோப்பை வந்து உட்காரும் வாய்க்குழாயை ஒட்டி முடித்திருந்தார்கள். டேப் வைத்தேன். சுவரிலிருந்து குழாயின் நடு வரை ஒன்பது இன்ச். நாங்கள் வாங்கியிருந்த கோப்பைக்கும் ஒன்பது இன்ச்தான் வேண்டும். ஆனால் அவர் பிடித்திருந்தது வெறும் செங்கல்லிலிருந்து. பூச்சும் டைலும் ஏறியபின் அது ஏழே முக்கால் ஆகிவிடும். தொட்டி சுவரில் முட்டி, கோப்பை உட்காரவே உட்காராது. பிளம்பர் அண்ணனிடம் காட்டினேன். ஒரு டைல் துண்டை எடுத்து, அரை இன்ச் ரீப்பர் கட்டையோடு சேர்த்துச் சுவரில் வைத்து அளந்தார். "ஆமாங்க அக்கா, பத்தேகால் வெச்சிருக்கணும்." அறுத்து, கப்ளர் போட்டு மறுபடி ஒட்டினார். அன்றே பார்த்ததால் ஒரு மணி நேர வேலை. டைல் ஒட்டிய பிறகு என்றால் தரையையே உடைத்திருக்க வேண்டும்.

அதன்பிறகு, வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் மிக்சரின் சுவருக்குள் மறையும் உடலையும் இதே துண்டுடன்தான் பொருத்தினோம். அதன் பிளாஸ்டிக் மூடியில் குறைந்த ஆழம், கூடிய ஆழம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். டைலின் முகம் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வர வேண்டும். உள்ளே போய்விட்டால் கைப்பிடி மாட்டாது; வெளியே வந்தால் வளையம் சுவரோடு உட்காராது.

தண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் தெற்குச் சுவரிலேயே காடி வெட்டி ஓட்டச் சொன்னது இந்தப் பிளானில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பேசின், கோப்பை, மிக்சர், கீசர் நான்கும் ஒரே சுவர். வடக்கிலும் மேற்கிலும் ஒரு குழாய் கிடையாது. கைப்பிடிக்கு எங்கே துளை போட்டாலும் பயமில்லை. பூச்சுக்கு முன் சுவரில் டேப்பை நிறுத்தி, ஒவ்வொரு குழாயையும் இன்ச் தெரிகிற மாதிரிப் படம் எடுத்தேன். பதினேழு படம். குழாய்களில் 7 கிலோ பிரஷர் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் முள் அசையாமல் நின்றிருந்தது.

பள்ளத்துக்கு நீர்த்தடுப்புப் பூச்சு. மூலைகளைக் கலவையால் வளைவாக உருட்டி, அது காய்ந்தபின் ஒரு கோட் குறுக்கே, ஒரு கோட் நெடுக்கே. காய்ந்ததும் நாலு இன்ச் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் மேஸ்திரி அண்ணனே கூப்பிட்டார், "கீழ் வீட்டுக்கு வந்து பாரும்மா" என்று. கீழே சீலிங்கில், பீம் ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு ஓதம். குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் சாதாரணக் கலவை அடைத்திருந்தார்கள். அது காயும்போது சுருங்கிவிட்டது. தண்ணீரை இறைத்து, அந்தக் கலவையைக் கொத்தி எடுத்து, சுருங்காத கிரவுட் ஊற்றி, மேலே பூச்சைத் திரும்பப் பூசினார்கள். இரண்டாம் முறை 48 மணி நேரம் கட்டினோம். கீழே உலர்ந்தே இருந்தது. அவர் மறைத்துவிட்டுப் பள்ளத்தை நிரப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்று வருடம் கழித்துக் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருப்பார். அந்த அண்ணனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பள்ளத்தின் அடியிலிருந்து டக்டுக்கு ஒரு சின்னக் குழாயும் விடச் சொன்னேன். என்றைக்காவது டைல் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கினால் தேங்காமல் அங்கே சொட்டும். சொட்டினால் நமக்கும் தெரியும். நிரப்பியபின் மேல்தளத்துக்கும் ஒருமுறை பூச்சு, ஒருமுறை தண்ணீர்.

தரை வாட்டம்தான் நீண்ட பேச்சாக இருந்தது. குளியலிடத்தை ஒரு இன்ச் இறக்கிக் கட்டுவதுதான் வழக்கம், தண்ணீர் இந்தப் பக்கம் வராது என்றார் டைல்ஸ் போடுபவர். அம்மாவுக்கு அந்த ஒரு இன்ச் படியே ஆபத்து. கிரானைட் பட்டியும் வேண்டாம் என்றேன். முடிவில் இப்படிச் செய்தோம்: கதவிலிருந்து கோப்பை தாண்டும் வரை 50 இன்ச்சுக்கு அரை இன்ச் மெல்லிய வாட்டம்; அதிலிருந்து மேற்குக் கோடி வரை 37½ இன்ச்சுக்கு முக்கால் இன்ச். தண்ணீர் வடியும் வாயான நானி ட்ராப் வடமேற்கு மூலையில். இரண்டு திசை வாட்டத்துக்குப் பெரிய டைல் வளைந்து கொடுக்காது; ஒரு அடிக்கு ஒரு அடி, மேட் ஃபினிஷ் வாங்கினோம். ஒட்டி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன். கோப்பைக்குப் பின்னால் ஒரு டைலில் மட்டும் தண்ணீர் நின்றது. அதைப் பெயர்த்துத் திரும்ப ஒட்டினார், முகம் சுளிக்காமல்.

கண்ணாடித் தடுப்பு வைக்கவில்லை. மக்கில் குளிப்பவருக்குத் தண்ணீர் உயரத் தெறிப்பதில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்புக்கு அந்தக் கண்ணாடி ஒரு மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். கறுப்பு நிறக் குழாய்களும் அதனாலேயே வேண்டாம் என்றேன். கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட். அதற்குத் தனி 4 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் சுவிட்ச் அறைக்கு வெளியே, போர்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி.

மாற்றங்களுக்கு மொத்தம் 14,500 ரூபாய் கூடுதலாக ஆனது, கைப்பிடிகள் தனி.

வைகாசியில் குடிவந்தோம். வடக்குச் சுவரில் 32 இன்ச்சில் இரண்டடி நீள எஃகுப் பிடி. அம்மா முதல் நாள் உட்கார்ந்து, எதிரே பிடித்து எழுந்துவிட்டு, "மாடியில பிடிச்ச மாதிரியே இருக்கு" என்றார். ராத்திரி அவர் எழுந்து போகும் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். கால் கோப்பைக்குப் போய்த் திரும்புகிற வரை தரை உலர்ந்திருக்கிறது.

ஒன்று தப்பிவிட்டது. சோப்பு மாடத்தைச் சுவரில் மூன்றரை அடி உயரத்தில் விட்டிருக்கிறார்கள். மாடியில் ஒத்திகை பார்த்தபோது சோப்பை நான் வைக்கவே இல்லை. ஸ்டூலில் இருக்கும் அம்மாவுக்கு அது எட்டாது. இப்போது சோப்பு டப்பாவைத் தரையில் வைத்துக்கொண்டு குனிந்து எடுக்கிறார். தென்மேற்கு மூலையில் 22 இன்ச் உயரத்தில் ஒரு சின்ன மூலைத்தட்டு வாங்கியிருக்கிறேன். தெற்குச் சுவர்ப் பக்கத் துளைக்குப் படங்களைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாவது படத்தில் தண்ணீர்க் குழாய் மூலையிலிருந்து ஐந்து இன்ச் தள்ளித்தான் ஏறுகிறது. அதனால் மூலையை ஒட்டி மூன்று இன்ச்சுக்குள் ஒரு துளை, மீதி இரண்டும் மேற்குச் சுவரில், டைல் இடுக்கில். வரும் சனிக்கிழமை டிரில் மெஷின் கொண்டுவருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.